வழுக்குமரத்து மண்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகட்டிக்குங்க தம்பி. மூட்டை உங்க மேல சாயுது. சாஞ்சாலும் ஒண்ணும் ஆயிராது, வெள்ளைப் பேண்ட்டு இன்னும் கொஞ்சம் வெள்ளையாகும், அவ்வளவுதான். உரம் இல்லீங்க. உப்பும் இல்ல. சலவைச் சோடா. இருபத்தஞ்சு கிலோ.

சலவைத் தொழிலா? இல்ல, நான் விவசாயம். கேக்குறவங்க எல்லாம் இப்படித்தான் முழிக்கிறாங்க. கண்டக்டர்கூடக் கேட்டுட்டுப் போனாரே, "என்ன பெரியவரே, ஊரு முழுக்க ஒரே நாள்ல துவைக்கப் போறீங்களா"ன்னு. துணிக்கு இல்ல தம்பி, நிலத்துக்கு. என் நிலத்தைக் கெடுத்துட்டாங்க. அதைச் சரி பண்ணத்தான் இது.

நீங்க எங்க எறங்கணும்? கடைசி நிறுத்தமா. நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். எங்க ஊரு தொரட்டிக்குடி. ஆனா அதுக்கு முந்தின நிறுத்தம் ஒண்ணு இருக்கு, பாலத்துக்கிட்ட, அங்கயே எறங்கிருவேன். மூட்டைக்கு ஒரு கை குடுத்தீங்கன்னா போதும். ஊர்ல எறங்கினா என் வீட்டுக்காரி கண்ணுல பட்டுரும். நிலம் ரோட்டோரம், அவ எப்பவும் அங்கதான் நிப்பா. நிலத்தைக் கெடுத்தவளே அவதான், அவகிட்டப் போயி இதைக் காட்ட முடியுமா?

மூணு ஏக்கர். களர் நிலம். களர் பாத்திருக்கீங்களா? படிச்சவங்க பஸ்ஸுல போறப்பப் பாத்துட்டு, "என்ன சும்மா கெடக்கு"ம்பாங்க. சும்மா எங்க கெடக்கு? கோடையில பாத்தீங்கன்னா மேல சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளை பூத்துக் கெடக்கும். நடந்தா அப்பளம் ஒடியற சத்தம் கேக்கும். கடப்பாரையைப் போட்டா டங்குன்னு நம்மளத் திருப்பி அடிக்கும். பேந்து வந்தா தூண் தூணா வரும், உச்சி மட்டும் மொழுமொழுன்னு, அம்மிக் குழவி கணக்கா. அதே மண்ணு ஒரு மழை பேஞ்சாப் போதும், களியாயிரும். தண்ணி உள்ள எறங்காது. மேல கணுக்காலுக்குத் தண்ணி நிக்கும், ஒரு சாண் தோண்டினா அடியில புழுதி பறக்கும். நிக்கிற தண்ணியும் தெளியாது. டீத்தண்ணி நெறம். ஒரு மாசம் நின்னாலும் டீத்தண்ணிதான். வழுக்கும் பாருங்க, காக்கா வந்து எறங்கி வழுக்கி விழுந்ததை இந்தக் கண்ணால பாத்திருக்கேன். ஒரு தடவை நிலம் அளக்க ஒருத்தர் வந்தார். மழை விட்ட மறுநாள். அவர் கால் தடம் அடுத்த மழை வரைக்கும் அப்படியே காஞ்சு கெடந்துச்சு. உக்காந்த தடமும் கெடந்துச்சு.

வெளைச்சலா? அது இல்ல. வெதை போட்டா மேல ஓடு கட்டிக்கும். மொளை முட்டி முட்டிப் பாத்துட்டு உள்ளயே மக்கிரும். தப்பிச்சு வந்ததும் நுனி வெளுத்துப்போயி நிக்கும். நான் அதைப் பெருசா எடுத்துக்கிட்டதில்ல. எல்லா நிலமும் நெல்லுதான் குடுக்கணும்னு சட்டமா? சோத்துக்கு என்ன பண்ணினீங்கன்னு கேப்பீங்க. மருதாம்பா, அதான் என் வீட்டுக்காரி, அடுத்தவங்க நிலத்துக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் போவா. இருபத்தாறு வருஷமாப் போனா. அது வேற விஷயம். நான் மண்ணைப் பத்திச் சொல்லிட்டிருக்கேன்.

காணும் பொங்கலுக்கு எங்க ஊர்ல வழுக்குமரம் நடுவோம். முப்பதடிப் பாக்குமரம், உச்சியில பரிசு முடிச்சு. சுத்துப்பட்டுல எட்டு ஊர் அணி வரும். ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறி நிப்பான், சுத்தி நிக்கிறவங்க தண்ணியைப் பீச்சுவாங்க. மத்த ஊர்ல மரத்துக்கு எண்ணெய் தடவுவாங்க, கத்தாழை தடவுவாங்க. எங்க ஊர்ல மண்ணு. எங்க நிலத்து மண்ணு, வடகிழக்கு மூலையில எடுக்கிறது. எங்கப்பா காலத்துல ரெண்டு தடவை எவனோ ஏறியிருக்கான், அதை ஒத்துக்கிறேன். என் கைக்கு வந்து பதினோரு வருஷம், ஒரு பய உச்சியைத் தொட்டதில்ல, போன பொங்கல் வரைக்கும்.

அன்னிக்குக் காலையில பறையடிச்சுக்கிட்டு எங்க நிலத்துக்கு வருவாங்க. நான் குளிச்சு, வெறும் வயித்தோட நிப்பேன். மாலை போட்டு மண்வெட்டியைக் கையில குடுப்பாங்க. நான் வெட்டணும், நான் மிதிக்கணும், என் கையாலதான் மரத்துக்குத் தடவணும். அன்னிக்கு ஒரு நாள் என்னை "மண்ணுக்காரரே"ம்பாங்க. மத்த நாள்ல நான் யாரு? மருதாம்பா புருஷன். ஓட்டுப் போடப் போனாக்கூட, "யாரு, மருதாம்பா வீட்டுக்காரரா, வாங்க"ம்பாங்க.

அதுக்கு முன்னால ஒரு சோதனை உண்டு. மார்கழி கடைசி வெள்ளிக்கிழமை ஊர்க் கமிட்டிக்காரங்க வந்து மண்ணுல ஒரு கட்டியை எடுத்து ஒரு சொம்புத் தண்ணியில போடுவாங்க. அந்தச் சொம்பு எங்க வீட்லயே இருக்கும். மறுநாள் காலையில வந்து பாப்பாங்க. கட்டி கரைஞ்சு, தண்ணி டீயா நிக்கணும். தெளிஞ்சு போச்சுன்னா அந்த மண்ணு வழுக்காது, ஆகாதுன்னு அர்த்தம். யாரு கண்டுபிடிச்சாங்களோ, பொய்க்காத சோதனை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் சித்திரையில வேளாண்மை ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா வந்தாங்க, கண்ணாடி போட்டவங்க. மருதாம்பாதான் மகளிர் குழு மூலமா அழைச்சிட்டு வந்தா. மண்ணை எடுத்துட்டுப் போயி சோதிச்சுட்டு ஒரு காகிதத்தோட வந்தாங்க. "உங்க மண்ணுல சோடியம் ரொம்ப அதிகம்மா"ன்னாங்க. நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். அதிகம்னதும் எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. "இந்த வட்டாரத்துலயே இவ்வளவு மோசமா நான் பாத்ததில்ல"ன்னாங்க. "அப்படித்தாம்மா எட்டு ஊர்லயும் சொல்றாங்க"ன்னேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பாத்தாங்க.

ஜிப்சம் போடணும்னாங்க. போட்டுத் தண்ணியைக் கட்டி நிறுத்தி வடிக்கணுமாம், தழைச்சத்துக்குத் தக்கைப்பூண்டு வெதைச்சு மடக்கி உழணுமாம். மருதாம்பா தலையைத் தலையை ஆட்டினா. ஒரு வண்டி நெறைய மூட்டை வந்து எறங்குச்சு. நான் ஒரு கை அள்ளி ரெண்டு விரல்ல வெச்சுத் தேச்சுப் பாத்தேன். அப்படியே முகத்துக்குப் போடுற பவுடர். வழவழன்னு ஓடுது. எனக்கு அப்பத்தான் ஒரு யோசனை. ஏற்கனவே வழுக்குற மண்ணு. அதுல வழுக்குற பொடியும் சேந்தா? இந்த வருஷம் மரத்துல ஈ உக்காராதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

யாரையும் விடல, நானே எறைச்சேன். அதுவரைக்கும் நான் நிலத்துல அப்படி வேலை செஞ்சு மருதாம்பா பாத்ததில்ல, மோர் எல்லாம் கொண்டாந்து குடுத்தா. மண்ணெடுக்கிற மூலைக்கு மட்டும் ஆறு மூட்டை கொட்டினேன். "அங்க அவ்வளவு வேணாங்க"ன்னா. "உனக்கு என்னடி தெரியும் இதைப் பத்தி"ன்னேன். அதோட போயிட்டா. அங்கதான் தம்பி அவ தப்பு. தெரிஞ்சவ அழுத்திச் சொல்லணுமா இல்லையா? ஒரு தடவை சொல்லிட்டுப் போயிட்டா யாருக்குத் தெரியும்?

அப்புறம் அவ வாய்க்கால் வெட்டினா, தக்கைப்பூண்டு வெதைச்சா, மடக்கி உழுதா, புரட்டாசியில நாத்து நட்டா. அந்த மூலையை மட்டும் நடாம எனக்கு விட்டுட்டா. நான் அங்கிட்டு அதிகம் போகல. டீக்கடையில இருந்தேன். அந்த வருஷ மரத்தைப் பத்திப் பேச்சு நடந்துட்டிருந்துச்சு, நான் இல்லாம எப்படி?

மார்கழி வந்துச்சு. சொம்புல கட்டியைப் போட்டாங்க. மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், தண்ணி கண்ணாடி. அடியில கட்டி உக்காந்திருக்கு, மேல தண்ணியில என் மூஞ்சி தெரியுது. வந்த கோவம் இருக்கே. "ஏ மருதாம்பா, சொம்புத் தண்ணியைக் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தினியா நீ"ன்னேன். "நான் அதைத் தொடவே இல்லீங்க"ன்னா. பொய் சொல்றான்னு நெனச்சேன். பின்ன, எங்க மண்ணு தெளியுமா? வாசல்ல கமிட்டிக்காரங்க செருப்புச் சத்தம் வேற. விரலை விட்டு ஒரு கலக்குக் கலக்கிக் கொண்டு போயி காட்டினேன். "பிரமாதம் மண்ணுக்காரரே"ன்னுட்டுப் போயிட்டாங்க. அதை ஏமாத்துன்னு சொல்ல முடியாது. இருக்க வேண்டிய மாதிரி ஆக்கி வெச்சேன், அவ்வளவுதான்.

காணும் பொங்கல் அன்னிக்குப் பறையோட போறோம். பக்கத்துல நெல்லு இடுப்பளவு நிக்குது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். எப்பவும் வழுக்கிக்கிட்டு வரும், அன்னிக்குப் பொதுக்குனு எறங்குச்சு. பெரட்டினா மண்புழு. எங்க நிலத்துல மண்புழு தம்பி. எட்டு ஊர் ஜனம் பின்னால நிக்குது, எனக்கு மானமே போச்சு. யாரும் பாக்குறதுக்குள்ள மேல மண்ணைத் தள்ளி மூடிட்டேன். தண்ணி ஊத்தி மிதிச்சா, ஊத்துற தண்ணியெல்லாம் கீழ எறங்கிப் போகுது. மண்ணு புட்டு மாதிரி உதிருது. எப்படியோ பெசஞ்சு தடவி விட்டேன்.

முதல்ல புங்கங்குடி அணி. தண்ணி பீச்சப் பீச்ச மண்ணு வழுக்கல, மரத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு சொரசொரன்னு நிக்குது. ஒன்பது நிமிஷம். ஒரு பையன் ஏறிப் பரிசை எடுத்துட்டு எறங்கிட்டான். அதோட விட்டிருந்தாப் பரவால்ல. அந்த அணியில பிச்சையப்பான்னு ஒரு சமையல்காரர். நூத்திப் பத்து கிலோவுக்குக் கொறையாது. அவரை எப்பவும் அடியில அஸ்திவாரமா நிறுத்துவாங்க. அவர் மரத்தை ஒரு தடவு தடவிப் பாத்துட்டு, "நானும் ஒருக்கா பாக்குறேனே"ன்னார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறினார். தனியா. உச்சிக்குப் போயி ஒரு கையால புடிச்சுக்கிட்டு, நாலாபக்கமும் திரும்பிப் பாத்துட்டு, "எங்க ஊர்க் கோயில் தெரியுதுப்பா"ன்னார்.

சிரிப்புன்னா சிரிப்பு. "மாமா, அடுத்த வருஷம் மேல ஒரு சேர் போட்டு வைங்க, சாப்பிட்டுட்டு எறங்கட்டும்"கிறான் ஒருத்தன். "பெரியப்பா, எங்க வீட்டு மாடிப்படி வழுக்குது, உங்க மண்ணு ஒரு கூடை குடுங்களேன்"னு இன்னொருத்தி. பறையடிக்கிறவரே சிரிச்சுட்டு அடியை விட்டுட்டார்னா பாத்துக்குங்க.

தை கடைசியில அறுப்பு. முப்பத்தி நாலு மூட்டை வந்துச்சு. வந்து என்ன பிரயோசனம்? வீட்டுல படுக்க எடம் இல்ல. மூட்டைக்கு நடுவுல படுத்துக் கெடக்கேன், பொரண்டா சாக்கு முதுகுல உறுத்துது. இதைச் சொன்னா மருதாம்பா சிரிக்கிறா. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. மனுஷன் கஷ்டப்படுறதைப் பாத்துத்தான் சிரிப்பு வருது பாருங்க. அடுத்தவங்க நடவுக்கும் இப்பப் போறதில்ல, வீட்லயும் நிலத்துலயும் ராணி மாதிரி நடக்குறா.

என் பங்காளி நல்லுசாமி ஒருத்தன் இருக்கான். வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் நிலம். அதுவும் களர்தான், ஆனா எங்களுதுக்கு ஒரு மாத்துக் கம்மி. போன வருஷம் வரைக்கும் பிளாட் போட ஆள் தேடிட்டு அலைஞ்சவன். ஆபீஸ் அம்மா அவன்கிட்டயும் போனாங்க. "பரம்பரை மண்ணும்மா, ஒரு கை பொடி விழ விடமாட்டேன்"னுட்டான். என்னைப் பாத்து, "அண்ணே, உனக்கு நெல்லு இருக்கு. மண்ணை நான் பாத்துக்கிறேன்"கிறான். நெல்லு இருக்காம். எப்படிச் சொல்றான் பாருங்க.

கமிட்டி கூடிப் பேசுச்சு. இந்த வருஷம் ரெண்டு கண்ணாடிப் பாட்டில். ஒண்ணுல என் மண்ணு, ஒண்ணுல அவன் மண்ணு. சொம்பு இல்ல, கண்ணாடி. ராத்திரி பூரா கோயில்ல இருக்கும், எங்க வீட்ல இல்ல. எவன் தண்ணி தெளியலையோ அவன்தான் மண்ணுக்காரன். இன்னும் ஆறு வாரம்கூட இல்ல. தோத்தேன்னா அதோட முடிஞ்சுது, செத்தாலும் மருதாம்பா புருஷன் செத்துட்டான்னுதான் சொல்லுவாங்க.

சோடா யோசனை எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. பம்புசெட்டுப் பக்கத்துல பொம்பளைங்க துணி துவைப்பாங்க. ஐப்பசி மழையில அந்தப் பக்கம் போனேன். சர்ருன்னு கால் வாரி மல்லாக்க விழுந்தேன். ஒரு நிமிஷம் அப்படியே கெடந்தேன். அப்பத்தான் தோணுச்சு, இந்த வழுக்கல் எனக்குத் தெரிஞ்ச வழுக்கல் ஆச்சே. எந்திரிச்சுப் பாத்தா அங்க தேங்கின தண்ணி டீ நெறம். இடுப்பு வலிக்குது, எனக்கு ஒரே சந்தோஷம். துவைக்கிற தண்ணியில என்ன இருக்கு? சோப்பு, சோடா. மளிகைக்கடை செல்வராசுகிட்ட ரெண்டு கிலோ வாங்கினேன். நம்ம மூலை மண்ணை ஒரு சட்டியில போட்டு, சோடாவைக் கரைச்சு ஊத்தி, நாலு நாள் காய வெச்சுக் காய வெச்சு ஊத்தினேன். மருதாம்பா குழுக் கூட்டத்துக்குப் போற நேரமாப் பாத்து. அஞ்சாம் நாள் ஒரு கட்டியை டம்ளர்ல போட்டேன். காலையில பாத்தா டீ. தம்பி, நான் அழுதுட்டேன்.

செல்வராசு, "என்னண்ணே, சோடா தீந்துருச்சா அதுக்குள்ள"ன்னு ஒரு தினுசாக் கேட்டான். அதான் திருச்சிக்கே போயி மொத்தமா வாங்கிட்டேன். அவளுக்கு ஒரு துப்புக் கெடைக்கக் கூடாது. மூலையில கொட்டி மண்ணோட மண்ணா மிதிச்சு விட்டுட்டா முடிஞ்சுது.

இருங்க, போன் அடிக்குது. அவதான். நீங்க பேசாதீங்க.

சொல்லு. பஸ்ஸுலதான் வர்றேன். திருச்சியில ஒரு ஜோலி. என்ன மூட்டை? மூட்டையெல்லாம் ஒண்ணும் இல்லையே. யாரு சொன்னது? ம். ம். அந்தப் பயலுக்கு வேற வேலை இல்ல. சரி, இருபத்தஞ்சு. எதுக்கு அம்பது? யாரைக் கேட்ட? அந்த அம்மாகிட்டயா? சிரிச்சாங்களா? ம். எத்தனை சென்ட்டு? ரெண்டுதானா? மூணு குடு. ரெண்டரை. சரி, சரி. என்னது? ம். கேக்குது. வெச்சுரு.

செல்வராசு சொல்லிட்டான் தம்பி. அன்னிக்கே சொல்லிட்டான், இப்ப நான் திருச்சின்னதும் மூட்டைன்னு அவளே கண்டுக்கிட்டா. அவ அந்தச் சட்டியையும் பாத்திருக்கா, ஒண்ணும் கேக்காம இருந்திருக்கா. இதுக்குப் பேரு என்ன? ஆபீஸ் அம்மாகிட்டப் போயி, "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மூலை மட்டும் பழையபடி களராகணும், எவ்வளவு போடணும்"னு கேட்டிருக்கா. அந்த அம்மா சிரிச்சு முடிச்சுட்டுக் கணக்குப் போட்டிருக்காங்க. மத்த எடமா இருந்தா இருபத்தஞ்சு கிலோ போதுமாம். அந்த மூலையில எவனோ ஜிப்சத்தை அள்ளிக் கொட்டியிருக்கான், அதனால அம்பது ஆகும்னாங்களாம்.

எவனோவாம்.

மிச்சத்துக்கும் ஏற்பாடு பண்ணிட்டா. குழுவுல இருபத்திரெண்டு பேர். நாளையிலேருந்து எல்லாரும் அந்த மூலையிலதான் துணி துவைக்கிறாங்களாம். சுத்தி முழங்கால் உயரத்துக்கு வரப்புப் போட்டுட்டாளாம், தண்ணி நெல்லுக்குப் போகாம ரோட்டு வாய்க்காலுக்கு வடியற மாதிரி. முந்தா நேத்தே போட்டுட்டாளாம். நான் ரெண்டு நாளா அங்கிட்டுப் போகல. மூணு ஏக்கர்ல எனக்குன்னு ரெண்டு சென்ட்டு ஒதுக்கினா, பேசிப் பேசி ரெண்டரை வாங்கியிருக்கேன். மூணு ஏக்கரும் என் பேர்ல பட்டா. எதுலயும் தலையிடாம இருக்க மாட்டா தம்பி, அதான் அவகிட்ட உள்ள கெட்ட குணம்.

கடைசியா ஒண்ணு சொன்னா. பஸ்ஸு சத்தத்துல சரியாக் கேக்கல, திருப்பிச் சொல்லச் சொன்னேன். "அந்த சமையல்காரர் மேல நின்னு கோயில் தெரியுதுன்னப்ப எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு"ன்னா.

இருபத்தாறு வருஷத்துல மரம் பாக்க அவ வந்ததே இல்லைன்னு நெனச்சிட்டிருந்தேன். எங்க நின்னு பாத்தாளோ.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? ஓ, பாலமா. உக்காருங்க, உக்காருங்க. கண்டக்டர் தம்பி, நிறுத்த வேணாம், அடுத்த நிறுத்தத்துலயே எறங்கிக்கிறேன். அவ தள்ளுவண்டியோட நிக்கிறாளாம்.

காணும் பொங்கலுக்கு ஊர்ல இருப்பீங்களா? வாங்க. தொரட்டிக்குடின்னு கேட்டு எறங்கி, மண்ணுக்காரர் வீடு எதுன்னு கேளுங்க. தெரியலன்னு முழிச்சாங்கன்னா மருதாம்பா வீடுன்னு கேளுங்க, சொல்லுவாங்க. உங்களைப் பாத்தா ஒல்லியா, ஏறக்கூடிய ஆளாத்தான் தெரியுது, அதனால முன்னாடியே சொல்லிடறேன். ஏற வராதீங்க தம்பி. பாக்க வாங்க.